மென்பொருள் சொன்னது 50 மீற்றர், போனது 34

அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. தண்ணீர் ரொக்கெட் செய்கிறாள். விட்டுக்காட்டினால் மட்டும் போதாதாம், எவ்வளவு உயரம் போகும் என்று முதலே சொல்லவும் வேண்டுமாம். சரி, இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி எண்களைப் போட்டேன்: ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல், அரை லீற்றர் தண்ணீர், 60 பிஎஸ்ஐ அமுக்கத்தில் காற்று. 50 மீற்றர் என்றது.

கச்சான் காற்று கிளம்பினால் எல்லாம் கடலுக்குள்தான் என்பதால் விடிய ஆறு மணிக்கே திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போனோம். பாகைமானியில் நூலும் ஒரு நட்டும் கட்டி, 40 மீற்றர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தேன். 39 பாகை. கண் உயரம் ஒன்றரை மீற்றரையும் கூட்டினால் 34 மீற்றர்தான் வருகிறது. மூன்று தரம் விட்டும் அதே கதை.

புழுக்கத்தில் காற்று கனத்துப்போச்சு, அதுதான் ஏறவில்லை என்றார் அத்தான். உண்மை நேர்மாறு. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட இலேசு, சூடான காற்று இன்னும் இலேசு. 30 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் இருப்பதைவிட 5 வீதம் குறைவு. நம்முடைய ஊர்க் காற்றுக்கு ரொக்கெட் கொஞ்சம் கூடத்தான் போகவேண்டும்.

பிறகு எடையில் சந்தேகம் வந்தது. 80 கிராம் என்று குத்துமதிப்பாகப் போட்டிருந்தேன். கடைத் தராசில் வைத்தால் 118. அப்பாடா என்று திருத்தினால் விடை அசையவே இல்லை. பாரம் கூடினால் வேகம் குறையும், ஆனால் பாரமான சாமான் காற்றை நன்றாகத் தள்ளிக்கொண்டு போகும், இரண்டும் கழிந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததுதான் பிழை. இழுவைக் குணகம், அதாவது ரொக்கெட்டின் வடிவத்தைக் காற்று எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று சொல்லும் எண், அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, அதில் 0.3 இருந்தது. 34 வரும்வரை ஏற்றிக்கொண்டே போய் 0.75-இல் நிறுத்தி, முடிந்தது என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். அடுத்த நாள் 40 பிஎஸ்ஐயில் விட்டோம். மென்பொருள் 27 என்றது, கிடைத்தது 24.6. அந்தப் பெட்டியில் விரும்பின எண்ணைப் போட்டு எந்த ஒரு விடையையும் வரவைக்கலாம், இரண்டாவது விடையில்தான் குட்டு வெளிப்படும்.

வேகம், இழுவை என்று தெரியாதது இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும், முதலில் வேகம். ஐந்து மீற்றர் மூங்கில் கம்பு ஒன்றை மணலில் நட்டு, 2-ஆம் மீற்றரிலும் உச்சியிலும் சிவப்புத் துணி கட்டி, போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோவில் பிடித்தோம். தண்ணீர் முழுக்க இரண்டு மீற்றருக்குள்ளேயே கக்கி முடிந்துவிடும், அதற்கு மேலே ரொக்கெட் சும்மா பறக்கிறது. இரண்டு துணிக்கும் இடையில் 20 படம். மூன்று மீற்றரை 20 படத்தில் கடந்தால் வினாடிக்கு 36 மீற்றர். மென்பொருள் கணக்கில் 40.

கிளம்பும் வேகமே குறைவு என்றால் உள்ளே அமுக்கம் குறைவு, அப்போ பிழை பம்பில். டயர்க் கடைக்குக் கொண்டுபோய் அவர்களுடைய மானியோடு வைத்துப் பார்த்தால், எங்கள் பம்ப் 60 காட்டும்போது அது 51 காட்டியது. சைக்கிள் பம்பில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வட்டத்தை நம்பியது என் மடத்தனம். 51 என்று போட்டதும் வேகம் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இழுவையைத் தொட்டேன், 0.6 போதுமாக இருந்தது. கூம்பின் ஓரத்தில் செலோடேப் சுருங்கிக் கிடக்கிறது, ஒரு செட்டை வேறு கோணல், 0.6 நியாயம்தான். (பழைய அட்டைச் செட்டையை மணலில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று பாதியைத் தின்றுவிட்டது. அதனால்தான் அவசரத்தில் ஒட்டிய கோணல்.)

கடைசியாக டயர்க் கடை மானியையே இரவல் வாங்கி, 45 பிஎஸ்ஐ அடித்தோம். விடுவதற்கு முன்பே பிள்ளை மணலில் விரலால் 31 என்று எழுதிவிட்டாள். பாகைமானியில் 36 பாகை, கணக்குப் பார்த்தால் 30.6. நான் துள்ளாத குறை. அவள் மணலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மற்ற 40 சென்ரிமீற்றர் எங்கே மாமா?" என்றாள்.