நைட் டியூட்டியில் பார்க்கும் தூக்கம்

முதியோர் வார்டில் காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது "தூங்கினார்", "தூங்கவில்லை" என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். எனக்கு அது போதவில்லை. எத்தனை முறை விழித்தார், பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார் என்றும் எழுதினால்தான் டாக்டருக்கு உதவும்.

வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் குறையும், விடியுமுன்னே விழிப்பு வரும். அது இயல்பு. நள்ளிரவில் பையைத் தூக்கிக்கொண்டு, "கதவைத் திறங்க சிஸ்டர், பஸ் போயிடும்" என்று ஒரு அம்மா நிற்பது வேறு. இரவையும் பகலையும் பிரித்துக் காட்டும் மூளைக் கடிகாரத்தின் செல்களையும் அல்சைமர் என்ற மறதி நோய் அழிக்கிறது. அவரிடம் வாதாடிப் பயனில்லை.

"தூங்காமலே இருந்துதான் மறதி வந்ததா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம் என்று நான் சொல்வதில்லை. 2013இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், தூங்கும்போது மூளைச் செல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிந்து, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற கழிவுப் புரதம் வேகமாக வெளியேறியது. பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், 50, 60 வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் போன்ற நோய்களால் நினைவும் சிந்தனையும் மங்குவது) வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் அல்சைமர் மாற்றங்கள் மறதிக்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. அப்படியிருக்க, கெட்ட தூக்கம் நோயை இழுத்து வந்ததா, நோய்தான் தூக்கத்தைக் கெடுத்ததா? இரண்டும் இருக்கலாம். இதற்காக ஒரு மகள் தன்னையே நொந்துகொள்வதில் நியாயமில்லை.

கனவில் கத்துவது, கை காலை உதைப்பது போன்றவற்றைத் தனியாகக் குறித்துவைப்பேன். சிலருக்கு அது, கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முந்தைய அறிகுறி. பலத்த குறட்டையும், நடுவில் மூச்சு நிற்பதும்கூட டாக்டரிடம் போக வேண்டிய சேதிதான்.

தூக்கத்தைக் கெடுப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு, சும்மா சொல்லக் கூடாது. அதிகாலை நாலு மணிக்கு லைட்டைப் போட்டு பிபி பார்த்தால் யார்தான் தூங்குவார்கள்?

அப்புறம் தூக்க மாத்திரை. "ஒண்ணு போடுங்க சிஸ்டர்" என்று கேட்காத குடும்பம் குறைவு. முதியவர்களுக்கு அதனால் தடுமாற்றம், விழுதல், குழப்பம் எல்லாம் கூடும். அதனால் ஏற்கெனவே என்னென்ன மருந்து, எந்த நேரத்தில் என்று முதலில் கேட்பேன். இரவெல்லாம் பாத்ரூமுக்கு நடந்த ஒரு ஐயாவுக்கு, சாயங்காலம் போட்டுவந்த நீர் பிரியும் மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அவர் தூக்க மாத்திரை கேட்கவே இல்லை.