பெரியப்பச்சியின் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரி

பெரியப்பச்சிக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு, புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தபோது வீடே அழுதது. பயாப்சி சதையில் எடுத்த மரபணு ரிப்போர்ட் வந்ததும் அழுகையோடு பயமும் சேர்ந்துகொண்டது. 21ஆம் குரோமோசோமில் மாற்றம் என்று அதில் ஒரு வரி. தேவகோட்டையிலிருந்து அவர் மகன், எனக்குத் தம்பி, போன் செய்தான். அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவான். "ஆச்சி, குரோமோசோம்னா பரம்பரைதானே? பொண்ணு வீட்ல கேட்டா என்ன சொல்றது?" அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு வேலை. அவனுக்குச் சொன்னதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அந்த மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் இருப்பது. பெரியப்பச்சி பிறக்கும்போது அது கிடையாது. புராஸ்டேட்டில் ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு நடந்தது. விந்தணுவில் இல்லாத மாற்றம் பிள்ளைகளுக்குப் போக வழியே இல்லை.

நடந்தது இதுதான். 21இல் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, இஆர்ஜி என்று இரண்டு மரபணுக்கள், நடுவே சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்து இடைவெளி. முதலாவது ஆண் ஹார்மோன் சொன்னால் வேலை செய்வது. நடுத்துண்டு அறுந்துபோய் இரண்டும் ஒட்டிக்கொண்டால் இஆர்ஜியும் அதே ஹார்மோன் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடும். 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு இந்த இணைப்பைக் கண்டுபிடித்தது. மேலைநாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது உண்டு, ஆசியர்களிடம் குறைவு.

குரோமோசோமின் குறிப்பிட்ட இடங்களில் ஒளிரும் சாயம் ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டில் நீலமாக ஒரு செல் கரு. நல்ல செல்லில் சிவப்பும் பச்சையும் ஒட்டியபடி இரண்டு ஜோடிப் புள்ளிகள். துண்டு போன செல்லில் ஒரு ஜோடி அப்படியே இருக்கும், அடுத்ததில் ஒரு நிறம் மட்டும் தனியாக நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தத் தனிப் புள்ளி என்னை உலுக்கும்.

இது தவிர சிலரிடம் 8ஆம் குரோமோசோமின் குட்டைக் கை (அதன் சிறிய பாதி) போயிருக்கும், 10இல் புற்றுநோயைத் தடுக்கும் பிடென் மரபணு காணாமல் போயிருக்கும். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டும் பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் அளவு) ஏறுகிறவர்கள் பலரிடம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள, ஆண் ஹார்மோனை உணரும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு பல நகல்களாகப் பெருகியிருக்கும். மிச்சமிருக்கும் கொஞ்ச ஹார்மோனே அந்தச் செல்களுக்குப் போதும்.

சரி, பரம்பரையே இல்லையா என்றால், உண்டு. 13ஆம் குரோமோசோமில் இருக்கும் பிஆர்சிஏ2 மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. அதைத் தெரிந்துகொள்ள ரத்தத்தையோ எச்சிலையோ சோதிக்க வேண்டும், கட்டியைப் பார்த்தால் மட்டும் போதாது. நோய் பரவியவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். பழுது இருந்தால் ஒலாபரிப் மாதிரி மாத்திரைகளுக்கும் வழி இருக்கிறது. இல்லையென்றாலும், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வந்திருந்தால் மகனுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தம்பி நாற்பதைத் தாண்டியதும் பிஎஸ்ஏ பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

எல்லாரும் மகனைப் பற்றியே கேட்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பிஆர்சிஏ2 பழுது பெண்பிள்ளைகளுக்கும் போகலாம், மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். பெரியப்பச்சிக்கு மகள்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியப்பச்சி ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு எதுவானாலும் மூன்று பேரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் பேசுவேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.