டி.சி. இல்லாமலும் பிள்ளையைச் சேர்க்கலாம்

மேலப்பாளையம் மாதிரி பீடி சுற்றும் ஊர்களில் ஆறாவது, ஏழாவதோடு நின்றுபோன முஸ்லிம் பெண் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு என்று வெளியில் நினைக்கிறார்கள். உம்மாமார்கள் பெரும்பாலும் சீக்கிரமே சரி என்றுவிடுவார்கள். வாப்பா தயங்கினால் ஜமாஅத் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். இழுபறி எல்லாம் அதற்குப் பிறகு, தலைமை ஆசிரியர் அறையில்தான்.

"டி.சி. கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்பார்கள். பழைய தனியார் பள்ளிக்குப் போனால், பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. இப்படி இரண்டு வாசலுக்கும் நடக்கும் நேரத்தில் பிள்ளை மறுபடி பீடித் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறது. இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஏனென்றால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப் போடவும் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவதை 14-ஆம் பிரிவு தடுக்கிறது. ஜூன் தாண்டிவிட்டது என்பதும் செல்லாது. அதற்கு 15-ஆம் பிரிவு. இவை எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்.

வாயால் கேட்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள். வாயால் "முடியாது" என்றவர்கள் அதையே எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

சேர்த்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளையின் எமிஸ் எண் (அரசின் மாணவர் விவரப் பதிவில் உள்ள எண்) பழைய பள்ளியிலேயே கிடக்கும். அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். இழுத்தடித்தால் வட்டார வள மையத்தில் சொல்லுங்கள்.

பதிமூன்று வயதுப் பிள்ளையை நாலாம் வகுப்பில் உட்காரச் சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது. சின்னப் பிள்ளைகள் நடுவில் கூசிப்போய் மறுபடி நின்றுவிடும். 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்புதான். விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்: குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம். பதினாலு வயது தாண்டினாலும் எட்டாவது முடிக்கும்வரை இலவசக் கல்வி உண்டு.

பெயரை முதலிலேயே சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெத்தும்மா (பாட்டி) பெயர், ஆதாரில் பாத்திமா, பள்ளியில் ஃபாத்திமா பீவி என்று மூன்று விதமாக இருக்கும். வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாம் இதில்தான் முட்டி நிற்கும். பிறப்புப் பதிவில் பெயரே இல்லாவிட்டால், பதினைந்து வருடத்துக்குள் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்குள் திருத்திவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு பெரும்பாடு.

வாப்பாவிடம் பேசும்போது புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய்.

பள்ளிக்கே வர முடியாத பெரிய பிள்ளைகளுக்குத் தனித்தேர்வு இருக்கிறது: எட்டாவதுக்கு 12½ வயது, பத்தாவதுக்கு 14½ வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாவது எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். 80 சதவீத வருகையும் வேண்டும். அந்த அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே, தனியாக வரும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருங்கள்.