அம்மாவுக்கு 18, சித்திக்கு 28

நான் பொறந்தப்ப எங்கம்மாவுக்கு வயசு 18. இத யார்கிட்ட சொன்னாலும் "ஐயோ பாவம்"னு ஒரு பார்வை வரும். சின்ன வயசுல பிள்ள பெத்தா அவ வாழ்க்கை அதோட முடிஞ்சுது, பிள்ளையும் உருப்படாதுன்னு ஊரே முடிவு பண்ணி வச்சிருக்கு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், குடும்ப சமூகவியல் ஆராய்ச்சிங்கள தேடிப் படிக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

அமெரிக்காவுல டீன் ஏஜ் பிரசவம் உச்சத்துல இருந்தது எப்ப தெரியுமா? 1957ல. 15லேர்ந்து 19 வயசுக்குள்ள 1000 பொண்ணுங்களுக்கு 96 பிரசவம். அப்ப யாரும் இத பெரிய பிரச்சனையா பேசல, ஏன்னா அவங்கள்ல முக்காவாசி பேரு கல்யாணம் ஆனவங்க, பெருசா படிக்காத ஆம்பளைக்கும் குடும்பம் நடத்துற அளவுக்கு சம்பளம் கெடச்ச காலம் அது. 1970கள்ல கூச்சல் கெளம்புனப்ப அந்த எண்ணிக்கை நல்லாவே எறங்கியிருந்துச்சு. அம்மாக்களோட வயசு அதேதான், சுத்தி இருந்த கல்யாணம், வேலை, படிப்பு எல்லாம்தான் மாறிப்போச்சு.

அப்புறம் 1992ல ஆர்லின் ஜெரோனிமஸ், சான்டர்ஸ் கோரன்மேன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செஞ்ச ஒரு ஆய்வு, அத படிச்சப்ப எனக்கு எங்க வீடே ஞாபகம் வந்துச்சு. சீக்கிரம் பிள்ள பெத்த பொண்ண ஊர்ல இருக்குற யாரோ ஒருத்தியோட ஒப்பிடாம, கூடப்பொறந்த அக்கா தங்கச்சியோடவே ஒப்பிட்டாங்க. ஒரே வீடு, ஒரே வறுமை. அப்படி பாத்தா வருமானத்துல தெரிஞ்ச இடைவெளி நல்லா சுருங்கிடுச்சு, ஒரு சில தரவுல முழுசா மறையலங்கறதும் உண்மை. ஆனா கஷ்டத்துல பெரும்பங்கு குழந்தைக்கு முன்னாடியே அந்த வீட்டுல இருந்திருக்கு.

ஃபிராங்க் ஃபர்ஸ்டன்பெர்க்னு ஒரு சமூகவியலாளர், அமெரிக்காவோட பால்டிமோர் நகரத்துல 1960கள்ல கர்ப்பமா இருந்த சில நூறு டீன் ஏஜ் பொண்ணுங்கள எடுத்துக்கிட்டு பல வருஷம் விடாம பின்தொடர்ந்தார். வாழ்க்கையே ஒழிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் நெனச்ச பொண்ணுங்கள்ல நெறைய பேரு லேட்டா படிப்ப முடிச்சு, வேலைக்குப் போய், அரசு உதவித்தொகை இல்லாம நின்னாங்க. ஆனா அவங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ரொம்ப தடுமாறுனாங்க, அத மறைக்கக் கூடாது.

18ல பிள்ள பெத்துக்கறது நல்லதுன்னு நான் சொல்லவே இல்ல. பதின்ம வயசு பிரசவத்துல உடம்புக்கு ஆபத்து ஜாஸ்தி, அதுலயும் ஒரு பொண்ண கட்டாயப்படுத்துனா அது கொடுமை, அதுல ரெண்டு பேச்சுக்கே எடமில்ல. எனக்கு வலிக்கறது வேற, எல்லா பழியையும் அந்தப் பொண்ணோட வயசு மேல போட்டுட்டு மத்தவங்க கைய கழுவிக்கறதுதான்.

எங்க சித்தி மொத பிள்ள பெத்தது 28ல. அதே வீடு, அதே தாத்தா பாட்டி. இன்னைக்கு அம்மாவும் சித்தியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சம்பளத்துலதான் இருக்காங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கடன் கட்டுறாங்க. ஒரே ஒரு வித்தியாசம், சித்தி படிப்ப 21ல முடிச்சுட்டாங்க, அம்மா முடிச்சது 33ல. அதுவும் எப்படி, பாட்டி ஒரு நாள் "புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போய் பரீட்சை எழுது"ன்னு சொன்னதால. அத சொல்ல ஒரு ஆள் பத்து வருஷம் முன்னாடியே இருந்திருக்கலாம்னு அம்மா இப்பவும் சொல்லுவாங்க.