ஏழு மோதிரமும் ஜிம் பிரவுனும்

"மாமா, ஏழு மோதிரம். இதுக்கு மேல என்ன பேச்சு?"

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா மகன் இப்படிச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். பதினாறு வயது. இங்கே அமெரிக்காவில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று நான் கேட்ட கேள்விக்கு அவனுடைய பதில் டாம் பிராடி. காரணம், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றவர்; வெற்றிக்கு ஒரு மோதிரம். அவ்வளவுதான். அவன் மட்டுமல்ல, எங்கே போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று அவனுக்கு அன்றைக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. பிராடியைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. 2000-ஆம் ஆண்டு புது வீரர்களைத் தேர்வு செய்தபோது 198 பேரை எடுத்த பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்படி உள்ளே வந்தவர் 23 சீசன் ஆடி, 89,214 யார்டு பாஸ், 649 டச்டவுன் பாஸ் என்று முடித்தார் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன்). ஸ்டீலர்ஸும், பிராடி பெரும்பகுதி ஆடிய பேட்ரியாட்ஸும் தலா ஆறு சூப்பர் பவுல் வென்றிருக்கின்றன, அதற்கு மேல் எந்த அணியும் வென்றதில்லை. இந்த ஒரு மனிதரிடம் ஏழு இருக்கிறது. 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கி, கடைசியில் 34-28 என்று வென்றார்களே, அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கை நடுங்கியது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் மிகச் சிறந்தவர் யார் என்று கேட்டால் நானும் பிராடி என்றுதான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன்.

ஆனால் மிகச் சிறந்த குவார்ட்டர்பேக் யார் என்பது ஒரு கேள்வி, மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, அதற்கு மோதிரத்தை எண்ணிப் பதில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பிராடியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் பிலடெல்பியாவுக்கு எதிரான சூப்பர் பவுலில் 505 யார்டு, மூன்று டச்டவுன் பாஸ். தோற்றார்கள், 41-33. சரியாக ஒரு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 262 யார்டு, ஒரு டச்டவுன் பாஸ்கூடக் கிடையாது. வென்றார்கள், 13-3. இந்த இரண்டில் அவர் பிரமாதமாக ஆடியது எது? மோதிரம் கிடைக்காத ஆட்டம். 2015-இல் சியாட்டில் அணி டச்டவுன் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரத்தில் நின்றது. அரை நிமிஷம்கூட மிச்சமில்லை. பேட்ரியாட்ஸ் நான்கு புள்ளிதான் முன்னிலை. அப்போது சியாட்டில் வீசிய பந்தைப் பாய்ந்து பறித்தவர் மால்கம் பட்லர். தேர்வில் எந்த அணியும் எடுக்காத, முதல் வருஷ ஆள். பிராடி அந்த நேரம் மைதானத்துக்குள்ளேயே இல்லை, ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மோதிரத்தில் பட்லருடைய பங்கு எவ்வளவு, பிராடியுடைய பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

இன்னும் பழைய கதை ஒன்று. 1989 ஜனவரி, மயாமி. சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸும் சின்சினாட்டி பெங்கால்ஸும் மோதிய சூப்பர் பவுல். கடைசிக் கால்பகுதியில் சின்சினாட்டி 13-6 என்று முன்னே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா, டச்டவுன் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனுக்குள் வீசிய பந்து நேராகச் சின்சினாட்டியின் லூயிஸ் பில்லப்ஸ் கையில் வந்து விழுகிறது. அவர் பிடித்திருந்தால் கதையே வேறு. கையில் பட்டு நழுவிவிட்டது. அடுத்த பந்தே மான்டானாவிடமிருந்து வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜெர்ரி ரைஸுக்கு, டச்டவுன். பிறகு சின்சினாட்டி மூன்று புள்ளி முன்னேற, மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது சான் பிரான்சிஸ்கோவுக்குத் தன் கோட்டிலிருந்து எட்டாவது யார்டில் பந்து கிடைத்தது. 92 யார்டு போய், 34 விநாடி இருக்கையில் ஜான் டெய்லருக்கு டச்டவுன் பாஸ். 20-16.

மான்டானா நான்கு சூப்பர் பவுல் ஆடி நான்கையும் வென்றவர், அவற்றில் 11 டச்டவுன் பாஸ் வீசி ஒரு பந்தைக்கூட எதிரணிக்குக் கொடுக்காதவர் என்று இன்றைக்கும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் பில்லப்ஸ் கையிலிருந்து அந்தப் பந்து நழுவாமல் இருந்திருந்தால் அந்தச் சுழியம் இல்லை, மோதிரமும் சந்தேகம்தான். அன்றைக்குத் தோற்ற அணியில் ஆந்தனி முன்யோஸ் என்று ஒருவர் இருந்தார். முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் இடது டேக்கிள், எண் 78. 13 சீசன் ஆடியவர், லீகின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்கு 11 முறை தேர்வானவர். அந்த இடத்தில் அவரைவிட நன்றாக ஆடியவர் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். 1982-இலும் இதே சான் பிரான்சிஸ்கோவிடம் ஐந்து புள்ளியில் தோற்றார். இரண்டு இறுதி ஆட்டம், இரண்டு தோல்வி, மொத்த வித்தியாசம் ஒன்பதே புள்ளி. முன்யோஸ் கையில் மோதிரமே கிடையாது.

மோதிரம்தான் அளவு என்றால் முன்யோஸை எங்கே வைப்பது? கிரிக்கெட்டில் பதினொரு பேரும் மட்டை பிடித்தாக வேண்டும், அதனால் பிராட்மேனின் 99.94-ஐ வைத்து மற்ற எல்லாரையும் அளக்கலாம். இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு எண்ணுக்கு வழியே இல்லை. தாக்கும் பதினொரு பேரில் நான்கு பேர் தங்கள் ஆயுசு முழுக்கப் பந்தைத் தொடாமலே ஓய்வு பெறலாம். அவர்கள் வேலை எதிரே வருகிறவனை நிறுத்துவது, அவ்வளவுதான். அதை நன்றாகச் செய்தால் நம் கண்ணில் படவே மாட்டார்கள்.

அதனால் என்னுடைய அளவு இது: அதே காலத்தில், அதே வேலையைச் செய்த இரண்டாவது ஆளைவிட இவர் எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார்? விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1978-இல் ரிசீவரை ஐந்து யார்டுக்கு அப்பால் பிடித்துத் தள்ளக் கூடாது என்று விதி வந்த பிறகு பந்து வீசி ஆடுவது முன்பைவிட எளிதாகிவிட்டது. ஒரு சீசனுக்கு 12 ஆட்டம் என்று இருந்தது, 14 ஆகி, 16 ஆகி, 2021 முதல் 17. இப்படி இருக்கும்போது 1958-ஐயும் 2018-ஐயும் நேருக்கு நேர் வைத்துக் கூட்டிக் கழிப்பதில் என்ன நியாயம்? பக்கத்தில் ஆடினவனோடு ஒப்பிடுவதுதான் முறை.

இந்தக் கணக்கில் ரைஸ் எங்கோ உயரத்தில் இருக்கிறார். மொத்தம் 22,895 யார்டு. இரண்டாவது இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 சீசன் ஆடி எடுத்தது 17,492. ஒரு ரிசீவருக்கு வருஷம் ஆயிரம் யார்டு என்பது நல்ல சீசன். அப்படிப் பார்த்தால் இடையில் ஐந்து நல்ல சீசனுக்கு மேல் இடைவெளி. மிசிசிப்பியில் கொத்தனார் ஒருவரின் மகன், சின்ன வயதில் அப்பாவோடு வேலைக்குப் போய் அண்ணன் தம்பிகள் தூக்கிப்போடும் செங்கல்லைக் கையால் பிடித்துப் பழகியவர். 1987-இல் வேலைநிறுத்தம் காரணமாக 12 ஆட்டம்தான் ஆடினார், அதில் பிடித்த டச்டவுன் பாஸ் 22. நாற்பதாவது வயதில், 2002-இல் ஓக்லாந்துக்காக 1,211 யார்டு. இதெல்லாம் வெறும் திறமையால் மட்டும் வருவதில்லை.

இருந்தும் என் முதலிடம் ரைஸுக்கு இல்லை. கிளீவ்லாந்து அணிக்காகப் பந்தை ஏந்தி ஓடிய ஜிம் பிரவுனுக்கு.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சிறுவனாக ஏரிக்கரை ஓரத்துப் பழைய முனிசிபல் ஸ்டேடியத்துக்கு அப்பாவோடு போய்ப் பிரவுன் ஆடியதைப் பார்த்தவர். ஒரு ஜனவரி காலையில் இருவரும் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். பிரவுன் எப்படி ஓடுவார் என்று கேட்டேன். ஓடிக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் பனிச் சட்டுவத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு முழங்காலைப் பனியில் ஊன்றினார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அடிபட்டவர் போல எழுந்தார். தலையைக் குனிந்தபடி தளர்ந்த நடையில் தன் கார் வரை போனார். திரும்பி வந்து, "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எழுந்து போவார், ஆள் முடிந்தான் என்று நினைப்போம், அடுத்த பந்தில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஓடுவார்" என்றார். உண்மையாகவே வலித்த நாளிலும் எதிரணிக்கு அது தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பிரவுன் எப்போதும் அப்படி மெதுவாக எழுவாராம். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. பனி அள்ளும்போதெல்லாம் அவர் முழங்கால் ஊன்றிய இடத்தை நான் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

எண்களும் அதைத்தான் சொல்கின்றன. 1958-இல், 12 ஆட்டமே இருந்த சீசனில், பிரவுன் ஓடியது 1,527 யார்டு. இரண்டாவது வந்த ஆலன் அமீச்சி 791. ஏறக்குறைய இரண்டு மடங்கு! அப்படி ஒரு இடைவெளியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. 1963-இல் 1,863 யார்டு, அடுத்தவர் ஜிம் டெய்லர் 1,018. ஒன்பது சீசன் ஆடி எட்டில் முதலிடம். 118 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆட்டத்துக்குச் சராசரி 104.3 யார்டு. ஒரு தொழில்வாழ்க்கை முழுக்க நூறைத் தாண்டிய சராசரி வைத்திருப்பவர் இன்றுவரை அவர் ஒருவர்தான், பேரி சாண்டர்ஸ் 99.8-இல் நின்றுவிட்டார். அப்புறம், 1966-இல் லண்டனில் சினிமாப் படப்பிடிப்பு நீண்டுகொண்டே போக, பயிற்சி முகாமுக்கு வராத நாளுக்கெல்லாம் அபராதம் என்று அணியின் முதலாளி மிரட்ட, அங்கிருந்தபடியே ஓய்வை அறிவித்துவிட்டார். முப்பது வயது. உச்சியில் இருக்கும்போதே இறங்கிவிட்டார்.

அவரைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. மைதானத்துக்கு வெளியே அவர்மீது பெண்களிடம் வன்முறையாக நடந்துகொண்டதாகப் பலமுறை புகார் வந்தது. 1967-இல் முகமது அலிக்குத் துணையாக இதே கிளீவ்லாந்தில் கறுப்பின விளையாட்டு வீரர்களைக் கூட்டிய அதே மனிதர்தான். ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. நான் சொல்வது ஆட்டத்தை மட்டும்.

அக்கா மகன் இதற்கு ஒரு எதிர்வாதம் வைத்தான், நல்ல வாதம். "அந்தக் காலத்துல டிஃபென்ஸ்ல இருந்தவங்க எல்லாம் சின்ன ஆளுங்க மாமா, சீசன் முடிஞ்சதும் வேற வேலைக்குப் போனவங்க." சீசன் முடிந்தால் வேறு வேலை என்பது பிரவுனுக்கும்தான், அதில் அவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. ஆனால் நானே சொல்கிறேன், இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று என் கணக்கில் இருக்கிறது. 1958-இல் லீகில் பன்னிரண்டே அணி. வாஷிங்டன் அணி 1962 வரைக்கும் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. பிரவுனுக்கு ஈடுகொடுத்திருக்கக்கூடிய எத்தனை பேருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையோ. அதை நினைத்தால் அந்த இரண்டு மடங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். குறைத்தாலும் எனக்கு அவர்தான் முதல்.

என் அளவுக்குள் சரியாக அடங்காத ஒருவர் லாரன்ஸ் டெய்லர். 1981-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்தார். டிஃபென்ஸில் லைன்பேக்கர் என்றால் நின்று, பார்த்து, பந்து போகும் பக்கம் போகிறவர் என்று இருந்ததை மாற்றி, நேராகக் குவார்ட்டர்பேக்கைக் குறிவைத்துப் பாய்ந்தவர். வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் இவர் ஒருவரைத் தடுப்பதற்காகவே முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் ஒருவரைக் கூடுதலாக நிறுத்தித் தன் அணியின் அமைப்பையே மாற்றிக்கொண்டார். 1986-இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது; டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது 1971-இல் ஆலன் பேஜுக்குக் கிடைத்த பிறகு இவருக்குத்தான் கிடைத்தது, அதன் பின் யாருக்கும் இல்லை. குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கும் இடது டேக்கிளுக்கு இன்றைக்கு இவ்வளவு சம்பளம் கொடுக்கிறார்களே, அதற்கு இவர்மீது இருந்த பயம் ஒரு முக்கியக் காரணம். அடுத்தவன் வேலையின் விலையையே மாற்றியவரை யாரோடு ஒப்பிடுவது? இவருக்கு மூன்றாவது இடம். சில நாள் இரண்டாவது.

நேற்று ராத்திரி அக்கா மகன் வந்திருந்தான். அந்த 1989 ஆட்டத்தைப் போட்டு, பந்தைப் பார்க்காதே, 78-ஐ மட்டும் பார் என்றேன். முதலில் சலித்துக்கொண்டான். நான்கைந்து பந்து கழித்து, "இவரு ஒண்ணுமே பண்ணலையே மாமா" என்றான். எதிரே நிற்கிறவனைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவனே பின்னால் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தான். அவனுடைய பட்டியலில் பிராடிதான் இன்னும் முதலில், அதை மாற்ற மாட்டானாம். முன்யோஸுக்கு ஏழாவது இடம் கொடுத்திருக்கிறான். ஏழு குறைவு, நான்காவதாவது வேண்டும் என்று நான் நிற்கிறேன். அது வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு.