கிளட்ச் கை

ஜனவரி 6

எங்கள் பைக் குரூப் ரேஸ் டிராக்கில் ஓட்டத் தேதி கிடைத்துவிட்டது. பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம். அரசு விடுமுறை, அதனால் லீவு கேட்டு யாரும் மேனேஜர் முன்னால் தலையைச் சொறிய வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை, முழு டிராக், 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. குரூப்பில் போட்ட அரை மணி நேரத்தில் எல்லோரும் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். கட்டைவிரலை வைத்து டிராக் வாடகை கட்ட முடியாது.

இன்டர்செப்டர் சார் (குரூப்பில் வண்டிப் பெயர்தான் ஆள் பெயர்) மட்டும் தனியாக அழைத்து, "நீங்களும் ஓட்டுவீங்கல்ல?" என்றார். பார்க்கலாம் சார் என்றேன்.

ஜனவரி 8

ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார்ந்து கிளட்சைப் பிடித்துப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றுமில்லை. தோள்தான்.

ஜனவரி 13

போகிப் புகை. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இந்தப் புகையிலும் நான்கு பேர் ஈசிஆர் போயிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை, ஸ்டேட்டஸில் பார்த்தேன். டீக்கடை, நான்கு கிளாஸ், நான்கு ஹெல்மெட். கோபமா பொறாமையா என்று பிரித்துப் பார்க்க இன்று தெம்பில்லை.

ஜனவரி 17

மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு வடபழனியில் காவடி வேண்டுதல். முருகனோடு நான் போட்டி போட முடியுமா? மற்ற இருவருக்கும் ஹெல்மெட் பிரச்சினை. டக்கென்று மாட்டும் கிளிப் ஆகாது, பட்டையை இழுத்துக் கட்டும் டபுள் டி வளையம் வேண்டும் என்றதும் அமைதியாகிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய வண்டி வாங்குவார்கள். தலைக்கு என்றால் தள்ளுபடி வரட்டும் என்பார்கள்.

ஜனவரி 21

நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ்.

டிராக்கில் ஆம்புலன்ஸ் நின்றால்தான் வண்டிகள் ஓடலாம். யாரையாவது ஏற்றிக்கொண்டு அது கேட்டைத் தாண்டினால் சிவப்புக் கொடி, எல்லோரும் பிட்டுக்கு, அதாவது டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, திரும்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை லெதர் சூட்டில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தண்டலம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பத்து நிமிடம் என்கிறார்கள். அது விடியற்காலைக் கணக்கு. பகலில் அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். போய், இறக்கி, அட்மிஷன் போட்டு, திரும்பி வருவதற்குள் ஒரு செஷன் போய்விடும், இரண்டுகூடப் போகலாம். ஆக, இன்னொரு ஆம்புலன்ஸ் வேண்டும். காலையிலிருந்தே வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ். கூப்பிட்டால் வருகிறேன் என்பது இல்லை.

"யாரும் விழமாட்டாங்கண்ணா, ஏன் டென்ஷன்?" என்று டியூக் தம்பி மெசேஜ் போட்டிருக்கிறான். பதில் அடித்து, அடித்து, அழித்துவிட்டேன். நான் விழுந்த அன்று எனக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் கழித்து வந்தது. மணலில் உட்கார்ந்து போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 22

இரண்டாவது ஆம்புலன்ஸ் பேசியாகிவிட்டது. ஆளுக்கு ஐந்நூறு கூடுதல். குரூப்பில் மயான அமைதி.

ஜனவரி 26

கொடியேற்றி மிட்டாய் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடி, நம்பர் பிளேட், புடவை கார்டு, கிராஷ் கார்டு எல்லாம் கழன்று ஆளுக்கொரு கோணிப்பையில். பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது ரோட்டுச் சட்டம், அதற்குத்தான் புடவை கார்டு. டிராக்கில் முதலில் கழற்றச் சொல்வதே அதைத்தான். லைட்டுகள் மேல் டேப். கூலன்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர், ஏனென்றால் கூலன்ட் சிந்தினால் தார் வழுக்கும், லேசில் காயாது, பின்னால் வருகிறவன் மாட்டிக்கொள்வான்.

நாளின் பெரும்பகுதியைத் தின்றது ஆயில் போல்ட்தான். ஓடும்போது கழன்று ஆயில் சிந்தாமல் இருக்க, அதன் தலையில் மெல்லிய துளை போட்டுக் கம்பி கோக்க வேண்டும். அண்ணன் இரண்டு டிரில் பிட்டை உடைத்துவிட்டு, எண்ணெய் விட்டு, மூச்சுப் பிடித்து, மூன்றாவதில் மறுபக்கம் வந்தார். அப்புறம் ஸ்டீல் கம்பியை இரட்டையாக முறுக்கி, போல்ட் எந்தப் பக்கம் கழலுமோ அதற்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டினார். திசை தப்பினால் கட்டியும் புண்ணியமில்லை. பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தேன், வலது கையால்.

ஜனவரி 30

எக்ஸ்ரே. பிளேட்டும் ஸ்க்ரூவும் பளிச்சென்று தெரிகின்றன, எலும்புதான் மங்கல். "வண்டி?" என்றேன். "ஸ்கூட்டர்கூட வேண்டாம்." "பதினொன்றாம் தேதி மட்டும் டாக்டர்" என்றேன். அடுத்த பேஷன்ட்டுக்கு மணி அடித்தார்.

ஜனவரி 31

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

அவசரத்துக்கு அழைக்க என்று ஃபாரத்தில் எழுதியிருக்கும் எண்களுக்கெல்லாம் ஒரு முறை பேசிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்15 தம்பி அம்மா நம்பரைக் கொடுத்திருக்கிறான். அவருக்கு விஷயமே தெரியாது.

"இது ரேஸா தம்பி?"

"இல்லம்மா, ஒழுங்கா பிரேக் பிடிக்கக் கத்துக்கொடுக்கிற வகுப்பு."

"அதுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ் வச்சிருக்கீங்க?"

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும், நாற்பதில் பழகிய கை எண்பதில் ஏமாந்துபோகும், அதை லாரியும் மாடும் குறுக்கே வராத இடத்தில் பழகுவது நல்லது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பையனுக்கு வயது பத்தொன்பது, அம்மா கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் அவர் சரி என்று சொல்லும்வரை போனை வைக்க மனம் வரவில்லை.

"நீங்க அவன்கூடவே ஓட்டுவீங்களா?"

"கூடவே இருப்பேம்மா."

பிப்ரவரி 6

அதே பையன் குரூப்பில் முட்டியில் மாட்டும் ஸ்லைடர் படம் போட்டு, "ஒரே நாள்ல முட்டி தரையில படுமாண்ணா?" என்கிறான். பதினேழு சிரிப்பு. இவர்களைக் கூட்டிக்கொண்டு போய் யாருக்கு என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் பேசாமல் தூங்கலாம்.

பிப்ரவரி 8

இன்டர்செப்டர் சார் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதில் அப்பா சோழவரம் பழைய விமான ஓடுதளத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனதைச் சொன்னார். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் டிராக் திறந்தது 1990இல், அதற்கு முன்னால் எல்லாம் சோழவரத்தில்தான். வெயில், புழுதி, முறுக்கு விற்பவர். அறுபதை நெருங்கும் வயதில் முதல் தடவை தானே டிராக்கில் இறங்கப் போகிறார். வண்டி பிறந்த ஊர் வல்லம் வடகால், டிராக்குக்குப் பக்கம்தான், அம்மா வீட்டுக்குப் போகிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். மனசு கொஞ்சம் லேசானது.

பிப்ரவரி 10

மதியச் சாப்பாடு: எலுமிச்சை சாதம், தயிர் சாதம். பிரியாணி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. மோர் நூறு பாக்கெட். தூக்கம் வராது.

பிப்ரவரி 11

கை நடுங்குகிறது, முடிந்த அளவு எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு கேட். டியூக் தம்பியின் செயின் தொளதொள, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், சரிசெய்து வந்தான். காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள், ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் கூடும் என்பதால். பிறகு கொடிகள்: மஞ்சள் என்றால் முந்தாதே, சிவப்பு என்றால் கையைத் தூக்கி மெதுவாக பிட்டுக்கு வா, சடாரென்று பிரேக் போடாதே.

முதல் செஷனில் நான்காவது கியர் மட்டும், பிரேக்கைத் தொடவே கூடாது. இதற்கா பணம் கட்டினோம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆக்சிலரேட்டரை எங்கே விட வேண்டும் என்று தெரியாததால்தான் இத்தனை நாளும் பிரேக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம் என்று மூன்றாவது லேப்பில் புரிய ஆரம்பித்தது. பிட் சுவரிலிருந்து தலைகள் திரும்புவதைப் பார்த்தேன். காலையில் முன்சக்கரத்தையே முறைத்துக்கொண்டு போன ஆர்15 தம்பி, பதினோரு மணிக்கு வளைவின் முடிவைப் பார்க்கிறான். மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்து முதல் வளைவான சி1 வலதுபக்கம் வேகமாகத் திரும்பும் இடத்தில் அவன் தலை வண்டிக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. முட்டி பற்றி அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு சிவப்புக் கொடி. வயிறு கலங்கிவிட்டது. இன்டர்செப்டர் சார், மெதுவான வளைவில் சறுக்கியிருக்கிறார். லிவர் உடைந்தது, சூட்டில் கீறல், ஆளுக்கு ஒன்றுமில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு டாக்டரிடம் விளக்கிக்கொண்டிருந்தார், எங்கே தப்பு செய்தார் என்று. முகமெல்லாம் பல். ஆம்புலன்ஸ் நகரவே இல்லை. இரண்டாவது ஆம்புலன்ஸ் டிரைவர் நாள் முழுக்கப் போனில் பழநித் தைப்பூசம் பார்த்தார்.

நாலரைக்குக் கடைசி செஷன். சாருடைய இடம் காலி. டியூக் தம்பி அவன் வண்டிச் சாவியை நீட்டினான். "ஒரே லேப்ணா. செகண்ட் கியர்லயே உருட்டிட்டு வாங்க."

சூட் அளவு சரியாக இருந்தது.

பிப்ரவரி 12

கணக்கு முடிந்தது, கையிலிருந்து ஆயிரத்து இருநூறு போட்டேன். ஆர்15 தம்பியின் அம்மாவுக்குப் போன் செய்து, பையன் நன்றாக ஓட்டினான் என்று சொன்னேன். அடுத்தது கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக் என்று குரூப்பில் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

இடது தோள் வலிக்கிறது. நாள் முழுக்க பிட் சுவரில் கையை ஊன்றி நின்றதால் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்ரே 20ஆம் தேதி.