லண்டனில் பொலிஸ் படிப்பு: படிக்கத் தகுதி வேறு, சேரத் தகுதி வேறு

பிரித்தானியாவில் பொலிஸ் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வீட்டில் முதலில் அலசப்பட்டது என் உயரம்தான். "அஞ்சடி ரெண்டு. இதை வச்சுக்கொண்டு பொலிஸா?" என்றார் மாமி. அப்பா இன்னும் ஒருபடி மேலே போய், நாளைக்கே எங்கள் திருகோணமலை மக்ஹெய்சர் மைதானத்தில் ஓடத் தொடங்கு என்றார். பொலிஸ் என்றால் உயரம் பார்ப்பார்கள், ஓடவிட்டுப் பார்ப்பார்கள் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கண்ணாலேயே அங்கத்தையப் படிப்பையும் பார்த்தார்கள்.

படிப்புக்கு உயரமும் இல்லை, ஓட்டமும் இல்லை. அங்கே பொலிஸ் வேலைக்கே உயரக் கட்டுப்பாடு கிடையாது. ஓட்டம் உண்டு. 15 மீற்றர் இடைவெளிக்குள் பீப் சத்தத்துக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் ஓடவேண்டும், 5.4 என்ற படிநிலை வரை. மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு. நான் கேட்டதோ வகுப்பில் ஒரு கதிரை.

இதைத் தெளிவாகச் சொல்லாமல் காசு வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் எழுதுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் "புரொபெஷனல் பொலிசிங்" என்று மூன்று வருடப் பட்டம் ஒன்று இருக்கிறது. கொலேஜ் ஒஃப் பொலிசிங் என்ற அமைப்பு அனுமதி கொடுத்த பல்கலைக்கழகங்களில் மட்டும்தான் அந்தப் பெயரில் நடத்தலாம். செலவு மாணவருடையது. முடித்தால் வேலை நிச்சயம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முடித்து ஐந்து வருடத்துக்குள் ஏதாவதொரு பொலிஸ் படைக்கு விண்ணப்பிக்கவேண்டும், பிறகு எல்லாரையும் போலத் தேர்வுக்கு நிற்கவேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறுகிற வழி, வேறு பட்டத்தோடு சேருகிற வழி என்று மற்ற வழிகளும் உண்டு. 2024 இலிருந்து பட்டமே இல்லாமல் சேருகிற பாதையும் வந்துவிட்டது.

நமக்கு முக்கியமானது அடுத்தது. பிரித்தானியப் பிரஜை அல்லாத, இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டுக்காரர் அங்கே கொன்ஸ்டபிளாகச் சேரலாம், ஆனால் அந்நாட்டில் தங்குவதற்கு எந்தக் காலவரையறையும் இருக்கக்கூடாது. மாணவர் விசா காலவரையறை உள்ளது. படித்து முடித்தபின் கிடைக்கிற கிரஜுவேட் விசாவும் அப்படித்தான். 2027 ஜனவரியிலிருந்து அதற்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பட்டப்படிப்பு மட்டத்தில் 18 மாதம்தான். அதற்கு முன்பு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இரண்டு வருடம். ஆகவே இங்கிருந்து மாணவராகப் போகிற ஒருவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு நேரே சீருடை போட முடியாது. நான் விசாரித்த ஓர் ஏஜென்சியில், "மூணு வருஷம் படிச்சா லண்டன் பொலிஸ், பிறகு பீ.ஆர்." என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். பீ.ஆர். என்றால் நிரந்தர வதிவிட அனுமதி. விதியை அவர்களுடைய கொம்பியூட்டரிலேயே திறந்து காட்டினேன். பேச்சு மெல்ல நேர்சிங் படிப்புக்கு மாறியது.

அப்படியென்றால் ஏன் போகிறாய் என்று கேட்கலாம். அம்மாவின் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிய நாளில் நானும் அவருடன் முறைப்பாடு கொடுக்கப் போனேன். அம்மா தமிழில் சொல்ல, அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுத, எழுதியது இன்னதென்று தெரியாமல் அம்மா கையெழுத்து வைத்தார். கெட்ட மனிதரல்ல அவர், தண்ணீர் கூட எடுத்துக் கொடுத்தார். தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்றைக்குப் பணியில் இல்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் வேலை செய்ய எனக்கு ஆசை. அதற்குச் சீருடை தேவையில்லை, பொலிஸ் எப்படி இயங்குகிறது என்ற படிப்பு தேவை. அதனால் அனுமதி பெற்ற அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு, குற்றவியலும் பொலிசிங்கும் சேர்ந்த சாதாரணப் பட்டத்தைத் தெரிந்தெடுத்தேன். அனுமதி பெற்ற பட்டத்துக்கு மாணவர் விசாக்காரரை எடுக்காத பல்கலைக்கழகங்களும் உண்டு. பாடத்தின் பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், முதலில் அதை வாசியுங்கள்.

இனித் தகுதிகள். அங்குள்ள பாடப் பக்கங்களில் "112 புள்ளி" என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது ஏ.எல். என்கிற அவர்களுடைய உயர்தரப் பரீட்சைக்கான கணக்கு: ஏ என்றால் 48, பி 40, சி 32. இரண்டு பி, ஒரு சி என்றால் 112. நம் ஏ.எல். அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இலங்கைக்கென்று தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கும். சில நம் பெறுபேற்றை அங்கத்தைய ஏ.எல்.லுக்குச் சமமாக எடுக்கும், சில கூடுதலாகக் கேட்கும், சில அடிப்படை வருடம் ஒன்று படிக்கச் சொல்லும். நான் கலைப் பிரிவு, தமிழ் மொழிமூலம். அரசியல் விஞ்ஞானம், புவியியல், தமிழ். தமிழை ஒரு பாடமாக எடுப்பார்களா என்று பயந்தேன், நான் எழுதிக் கேட்ட எல்லா இடத்திலும் எடுத்தார்கள். பொது ஆங்கிலத்தையும் பொது அறிவுப் பரீட்சையையும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் ஆங்கிலமும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது பொதுவாக எல்லா இடத்திலும் இருந்தது.

எங்கள் 2024 ஏ.எல். பரீட்சை நவம்பர் கடைசியில் தொடங்கி, வெள்ளத்தால் நின்று, பிறகு நடந்து, 2025 ஏப்ரல் கடைசியில்தான் பெறுபேறு வந்தது. அந்த வருட செப்டெம்பருக்கு ஓடுவதை விட்டு 2026க்கு வைத்தேன். அந்த இடைவெளி கடதாசி வேலைக்குச் சரியாக இருந்தது.

கடதாசி என்றால் பெயர்தான். பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் முழுதாக, ஓ.எல். சான்றிதழில் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக. போதாக்குறைக்கு என் பெயரில் ஓர் ஆங்கில எச் ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தத் தலையிடி இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள், வேறுபாட்டுக்கு ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்கவேண்டும். பெற்றோரின் வங்கிக் கணக்கைக் காட்டுவதென்றால் அது கட்டாயம் தேவைப்படும். பாடசாலையில் தருகிற பெறுபேற்றுத் தாளோடு நிற்காமல் பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழை எடுங்கள், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி முத்திரை இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று அந்த ஏஜென்சியில் சொன்னார்கள். எனக்கு இடம் தந்த பல்கலைக்கழகம் அதைக் கேட்கவேயில்லை. யாராவது கேட்டாலும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, அமைச்சின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சை. நான் பார்த்த பாடங்கள் மொத்தமாக 6, எந்தப் பகுதியிலும் 5.5க்குக் குறையாமல் கேட்டன. விசாவுக்கென்று தனியாக ஒரு வகைப் பரீட்சை இருக்கிறது, கட்டணம் கூட. பட்டப்படிப்பு என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாணவரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிடலாம், சாதாரண அகடமிக் பரீட்சையே அவர்களுக்குப் போதுமாக இருக்கலாம். காசு கட்டமுதல் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். எனக்குப் பேச்சும் கேட்டலும் வந்தன, எழுத்துத்தான் படுத்தியது. உவர்மலையில் ஒரு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் வாராவாரம் நான் எழுதிய கட்டுரைகளைச் சிவப்பாக்கித் தந்தார். காசு வாங்கவில்லை, சனிக்கிழமைகளில் மீன் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார்.

விண்ணப்பம் யூகாஸ் என்ற ஒரே தளத்தின் ஊடாக, ஐந்து தெரிவுகள். 2026 நுழைவிலிருந்து சுயவிளக்கம் மாறிவிட்டது. முன்பு ஒரே கட்டுரை, இப்போது மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், உன் படிப்பு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்து. பழைய மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்து எழுதாதீர்கள், பொருந்தாது.

முதல் கேள்விக்கு அம்மாவின் முறைப்பாட்டை எழுதினேன். இரண்டாவதற்கு அரசியல் விஞ்ஞானம் கைகொடுத்தது. 1987 இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்கிறது, மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்றும் எழுதியிருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் எங்கள் ஊரில்தான், ஆனால் அந்தப் பொலிஸ் அதிகாரம் இன்னும் கடதாசியில்தான். அதோடு 1829இல் லண்டனில் தொடங்கிய பொலிஸ், மக்களின் சம்மதத்தோடு நடக்கவேண்டும் என்ற கொள்கையைச் சொல்லி வளர்ந்தது. 1866இல் அதே பேரரசு இலங்கையில் பொலிஸை அமைத்தபோது அந்தச் சம்மதத்தை யாரிடம் கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதினேன். உவர்மலை ஆசிரியர் அதை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை. பிறகு நேர்முகத்தில் அவர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த வரியைத்தான்.

கடைசித் திகதி 2026 ஜனவரி 14. அதற்குப் பிறகும் அனுப்பலாம், ஆனால் இடம் மிஞ்சினால்தான் பார்ப்பார்கள். எனக்குச் சிபாரிசு எழுதவேண்டிய மிஸ்ஸின் வீடு மூதூர்ப் பக்கம். நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் அவருடைய மடிக்கணினியும் போய்விட்டது. முகாமில் சமைத்துக்கொண்டிருந்த மனிசியிடம் சிபாரிசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே டிசம்பரில் தொலைபேசியில் கூப்பிட்டு, "பிள்ளை, கடைசி நாள் எப்ப?" என்று கேட்டு, தம்பியின் கைபேசியில் தட்டி அனுப்பினார்.

பாடசாலை, ஆங்கிலம், பணம் எல்லாவற்றையும் விட எங்கள் வீட்டில் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. குற்றப் பதிவு பற்றிய கேள்வி. போர்க்காலத்துச் சுற்றிவளைப்பொன்றில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் அடுத்த நாள் விட்டிருக்கிறார்கள். வழக்கில்லை, ஒன்றுமில்லை. அதை எழுதவேண்டுமா? எழுதாவிட்டால் பொய்யாகுமா? பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டேன். படிப்புக்குக் கேட்பது என்னைப் பற்றி, அதிலும் நீதிமன்றத் தண்டனை பற்றி மட்டும். கைதும் தண்டனையும் ஒன்றல்ல. குடும்பத்தவர், கூடிப் பழகுகிறவர்கள், கடன் என்று துருவுகிற விசாரணை அங்கே பொலிஸில் சேருகிறவர்களுக்குத்தான். பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் தேத்தண்ணி போட்டார். எங்கள் வீட்டில் அவர் தேத்தண்ணி போடுவது அபூர்வம்.

அதற்குப் பதில் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டார்கள். இது எல்லாப் பாடத்துக்கும் கேட்பதில்லை. இணையத்தில் விண்ணப்பித்தபின், விசாரிக்க ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். ஒழுங்கையில் எல்லா மதிலுக்கு மேலும் தலைகள். தமிழ் பேசுகிறவர், நல்ல மனிதர்.

"எதுக்குத் தங்கச்சி ரிப்போர்ட்?"

"படிக்கப் போறேன் சேர், லண்டனுக்கு."

"என்ன படிப்பு?"

சொன்னேன். பேனையை மூடிவிட்டுச் சிரித்தார். "அங்க போய்ப் படிச்சிட்டு இங்க வந்து எங்களுக்குப் படிப்பிக்கப் போறீங்களா?" என்றார். கேலியா உண்மையா என்று தெரியவில்லை. மாமி அவருக்குப் பலகாரம் கொடுத்து, என் உயரம் போதுமா என்றும் கேட்டுவிட்டார்.

நேர்முகம் காணொளியில், அரை மணித்தியாலம். இரண்டாவது கேள்வியே, "இங்கே மாணவர் விசாவில் இருந்துகொண்டு பொலிஸில் சேர முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமா?" ஏஜென்சி சொன்னதை நம்பிப் போகிறவர்கள் விழுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தெரியும், நான் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை, படிக்க விண்ணப்பிக்கிறேன் என்றேன். முறைப்பாடு எந்த மொழியில் பதியப்படுகிறது என்பது விசாரணையின் முடிவை எப்படி மாற்றும் என்று பார்க்க ஆசை என்றும் சொன்னேன். மிச்ச நேரம் 1866 பற்றியே போனது.

இடம் கிடைத்துவிட்டது. இனிப் பணம். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாமல் இருக்கிற மிச்சமும், லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1171 பவுண் வீதம் ஒன்பது மாதச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் திரும்ப முதலிலிருந்து எண்ணவேண்டும், ஆகவே அந்தக் கணக்கின் ஏ.ரி.எம். அட்டையை அம்மா அலுமாரியில் பூட்டிவிட்டார். மாணவர்களுக்கான மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண், முழுக் காலத்துக்கும் ஒரேயடியாக விசா விண்ணப்பத்தோடு கட்டவேண்டும். இதை ஏஜென்சிக் கணக்கில் காட்டவேயில்லை. காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்பில் புலம்பெயர்தலுக்கான சர்வதேச அமைப்பின் (ஐ.ஓ.எம்.) நிலையத்துக்குப் போகவேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பதால் இன்னும் திகதி எடுக்கவில்லை. விசாவுக்கென்று பல்கலைக்கழகம் தருகிற காஸ் இலக்கம் கைக்கு வந்தபிறகு, இரவு ரயிலில் போய் எக்ஸ்ரேயையும் விரலடையாளத்தையும் ஒரே கிழமைக்குள் முடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.